எலும்பைக் காக்கும் மாத்திரையே எலும்பை முறிக்குமா? தொடை வலியை அலட்சியம் செய்யாதீர்கள்!

கீழே விழவில்லை. வண்டி மோதவில்லை. கால் வழுக்கவும் இல்லை. ஓடுகிற ரெயிலில் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். ரெயில் ஒரு குலுங்கு குலுங்கியது. உடம்புப் பாரத்தை ஒரு காலில் ஊன்றினார். அவ்வளவுதான். தொடை எலும்பு மளுக்கென்று முறிந்துவிட்டது!

நடந்த இடம் அமெரிக்கா. நியூயார்க் நகரத்துச் சுரங்க ரெயில். கால் முறிந்தவருக்கு வயது 59. அவரே ஒரு டாக்டர்!

இதில் வேடிக்கை என்னவென்றால், எலும்பு முறியக் கூடாது என்பதற்காகவே 7 ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வந்தவர் அவர். முறிவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அந்தத் தொடையில் வலி இருந்தது. எதனால் வலி என்று அவருக்கே தெரியவில்லை. 2006-ம் ஆண்டு மருத்துவப் பத்திரிகை ஒன்றில் தன் கதையைத் தானே எழுதினார். "இந்த மாத்திரையைக் காலமெல்லாம் சாப்பிடலாமா?" என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி.

நியூயார்க் எங்கே, அடி அண்ணாமலை எங்கே என்கிறீர்களா? விஷயம் இருக்கிறது. மேலே படியுங்கள்.

திண்ணைப் பேச்சு

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி வழி நடந்தால் அடி அண்ணாமலை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய ஊர் என்று சொல்வார்கள். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான கால்கள் இந்த ஊரைத் தாண்டிப் போகின்றன. அதில் வயதான தாய்மார்களின் கால்கள் எத்தனை எத்தனை! செருப்பு கூடப் போடாமல் நடக்கிறார்கள்.

இந்தப் பக்கத்துத் தெருத் திண்ணைகளில் பேச்சு எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியாதா?

"இன்னா ஆயா, காலைத் தாங்கித் தாங்கி நடக்கறே?"

"தொடையில வலிம்மா. ரெண்டு மாசமா இருக்குது. மல்லாட்டை ஆயப் போனேன் இல்ல, நரம்பு இழுத்துக்கிச்சாட்டம் இருக்குது."

"நல்லெண்ணெய் காய்ச்சித் தேய் ஆயா. பௌர்ணமிக்கு மலை சுத்திட்டு வா. எல்லாம் சரியாப் போயிடும்."

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது சரியாகத்தான் போகும். ஆனால் அந்த ஆயா பல வருடமாக எலும்பு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால்? அந்த வலி சதை வலியாக இல்லாமல், எலும்பில் விழுந்த விரிசலாக இருந்தால்? 14 கிலோ மீட்டர் நடை அவருக்கு ஆகுமா?

இந்தக் கட்டுரை அந்த ஒரு வலியைப் பற்றியதுதான்.

தேய்மானம் வேறு, மெலிவு வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். முழங்கால் வலித்தாலே "எலும்பு தேய்ஞ்சு போச்சு" என்கிறோம். அது மூட்டுத் தேய்மானம். மூட்டில் உள்ள குருத்தெலும்பு தேய்வது. வலி இருக்கும், வீக்கம் இருக்கும்.

எலும்பு மெலிவு என்பது வேறு நோய். எலும்புப்புரை என்றும் சொல்வார்கள். கரையான் அரித்த உத்தரம் மாதிரி, எலும்பு உள்ளுக்குள்ளே பொத்தலாகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. வலியும் இருக்காது. ஒருநாள் குளியலறையில் சறுக்கி விழுந்தால் இடுப்பு முறியும். அப்போதுதான் நோய் இருந்ததே தெரியும். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இது வேகமாக வருகிறது. ஆஸ்துமாவுக்கும் முடக்குவாதத்துக்கும் ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்கும் வரும்.

நம் பக்கத்துப் பெண்களுக்கு இது குறைவு என்று நினைக்க வேண்டாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 2008-ம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாதவிலக்கு நின்றுபோன, நன்றாக நடமாடிக்கொண்டிருந்த 150 பெண்களைச் சோதித்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எலும்பு மெலிவு! பாதிப் பேருக்கு மேல் வைட்டமின் டி பற்றாக்குறை!

ஆகவே மருந்து தேவைதான். மருந்தைப் பழிப்பது நம் நோக்கம் அல்ல.

உடைக்கிற ஆளும் பூசுகிற ஆளும்

மருந்து எப்படி வேலை செய்கிறது?

எலும்பு கல் அல்ல. அது உயிருள்ள பொருள். பழைய வீட்டில் மராமத்து வேலை நடப்பது போல, எலும்புக்குள் எந்நேரமும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. பழைய பூச்சை உடைத்து எடுக்க ஓர் ஆள். புதுப் பூச்சு பூச ஓர் ஆள். இள வயதில் இருவரும் சம வேகத்தில் வேலை செய்கிறார்கள். வயதானால், உடைக்கிற ஆள் வேகமாக உடைக்கிறான், பூசுகிறவன் பின்தங்கிவிடுகிறான். வீடு பொத்தலாகிறது.

அலென்ட்ரோனேட், ரிசெட்ரோனேட் போன்ற மாத்திரைகளும், வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலமும் உடைக்கிற ஆளின் கையைக் கட்டிப் போடுகின்றன. இவற்றுக்கு பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் என்று பெயர். அலென்ட்ரோனேட் 1995-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. வாரம் ஒரு மாத்திரை என்று நம் ஊர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது.

நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் உடைக்கிற ஆளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நடக்க நடக்க எலும்பில் மயிரிழை விரிசல்கள் விழும். அந்த இடத்தைச் சுரண்டி எடுத்தால்தான் புதுப் பூச்சு ஒட்டும். பல வருடம் அவன் கையைக் கட்டிப் போட்டால், மிகச் சிலருக்கு விரிசல் விரிசலாகவே நின்றுவிடுகிறது. தொடை எலும்பின் வெளிப்பக்கத்தில், உடம்புப் பாரம் அதிகம் இழுக்கும் இடத்தில், அது மெல்லப் பெரிதாகிறது. ஒருநாள் குறுக்காக முறிகிறது.

உடம்பிலேயே பலமான எலும்பு தொடை எலும்பு. லாரி மோதினால் முறியும். நின்ற இடத்தில் முறிகிறதென்றால்!

சிங்கப்பூர் டாக்டர்கள் கண்டது

2007-ல் சிங்கப்பூர் எலும்பு டாக்டர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். 10 மாத காலத்தில், பலத்த அடி எதுவும் படாமல் தொடை எலும்பின் மேல்பகுதி முறிந்து வந்த பெண்கள் 13 பேர். அதில் 9 பேர் நீண்ட நாளாக அலென்ட்ரோனேட் சாப்பிட்டவர்கள். அவர்களின் சராசரி வயது 67 கூட இல்லை. நன்றாக நடமாடி வந்தவர்கள்.

முக்கியமான செய்தி இதுதான்: அந்த 9 பேரில் 5 பேருக்கு, முறிவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே வலி இருந்திருக்கிறது. 3 பேருக்கு மற்றொரு காலிலும் விரிசலுக்கான அறிகுறி எக்ஸ்ரேயில் தெரிந்தது!

அதாவது எலும்பு திடீரென்று முறியவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் முறிந்திருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

2010 அக்டோபரில் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. தொடையிலோ கவட்டியிலோ புதிதாக வலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள் என்று மருந்தோடு வரும் குறிப்பிலேயே அச்சிட வைத்தது. நம்மில் எத்தனை பேர் அந்தக் குறிப்பைப் பிரித்துப் படிக்கிறோம்?

பயந்து நிறுத்தலாமா? கூடாது!

இதைப் படித்ததும் மாத்திரை அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கணக்கைப் பாருங்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2007 முதல் 2017 வரை 1 லட்சத்து 96 ஆயிரம் பெண்களைக் கவனித்து வந்தார்கள். 2020-ல் முடிவு வெளியாயிற்று. அத்தனை பேரில் இந்த விசித்திரத் தொடை முறிவு வந்தவர்கள் 277 பேர்தான்.

ஆசிய வம்சத்துப் பெண்களுக்கு இந்த முறிவு வெள்ளைக்காரப் பெண்களைவிடக் கூடுதலாக வருகிறது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. 10,000 ஆசியப் பெண்கள் 3 வருடம் மருந்து சாப்பிட்டால் 91 இடுப்பு முறிவுகள் தடுக்கப்படுகின்றன. 8 பேருக்கு இந்தத் தொடை முறிவு வரலாம். வெள்ளைக்காரப் பெண்களில் தடுக்கப்படுவது 149, வருவது 2.

91 எங்கே, 8 எங்கே! மருந்தால் நன்மையே அதிகம். ஆனால் அந்த 8 பேரில் ஒருவர் நம் வீட்டுப் பாட்டியாக இருந்துவிட்டால்? அதற்குத்தான் வலியைக் கவனிக்கச் சொல்வது.

இன்னொரு ஆறுதல் செய்தி: மருந்தை நிறுத்தியபின் இந்த ஆபத்து வேகமாகக் குறைகிறது. வருடம் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. ஆகவேதான் மாத்திரை என்றால் 5 வருடம், வருடாந்தர ஊசி என்றால் 3 வருடம் ஆனதும், "இன்னும் தேவையா?" என்று டாக்டர் திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள். ஆபத்து குறைந்தவர்களுக்குச் சில காலம் மருந்துக்கு ஓய்வு கொடுக்கலாம். ஏற்கெனவே இடுப்போ முதுகெலும்போ முறிந்தவர்களுக்குத் தொடர வேண்டியிருக்கும். முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். நாம் அல்ல, பக்கத்து வீட்டு அம்மாவும் அல்ல.

நம் ஊர்களில் நடப்பது என்ன? என்றோ எழுதிக்கொடுத்த பழைய சீட்டையே கடையில் நீட்டி, வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். "எத்தனை வருஷமாம்மா சாப்பிடறே?" என்றால், "அது ஆவுது ரொம்ப நாளு" என்கிறார்கள். இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

பல் பிடுங்கும் முன்பு...

இன்னொரு அபூர்வப் பக்க விளைவு தாடையில் வருவது. பல் பிடுங்கிய இடம் ஆறாது. ஈறு விலகி, தாடை எலும்பு வெளியே தெரியும். 8 வாரம் கடந்தும் மூடாது.

அந்தக் காலத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் இதைப் போன்றதொரு நோய் இருந்தது. வெள்ளைப் பாஸ்பரஸ் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை அழுகிப்போகும். லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் 1888-ல் வேலைநிறுத்தம் செய்தபோது இந்தக் கொடுமையும் வெளிச்சத்துக்கு வந்தது. இந்தியாவில் 1913-ல் சட்டம் போட்டு வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தார்கள். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது அதற்குப் பிறகு, 1920-களில். ஆகவே நம் தொழிலாளர்கள் அந்த நோயிலிருந்து தப்பினார்கள்.

2003-ல் அமெரிக்காவின் மயாமி நகர டாக்டர் ராபர்ட் மார்க்ஸ், பிஸ்பாஸ்போனேட் ஊசி போட்டுக்கொண்ட 36 பேருக்குத் தாடை எலும்பு வெளியே தெரிவதாக எழுதினார். பழைய தீப்பெட்டி நோய் டாக்டர்களுக்கு நினைவு வந்தது. இந்த மருந்திலும் பாஸ்பரஸ் சேர்ந்திருக்கிறது. ஆனால் இது அந்த விஷம் அல்ல, வேறு பொருள்.

பயம் வேண்டாம். இந்தத் தாடைக் கோளாறு பெரும்பாலும் வருவது, எலும்பில் பரவிய புற்றுநோய்க்காக மாதாமாதம் பெரிய அளவில் ஊசி போடுகிறவர்களுக்குத்தான். எலும்பு மெலிவுக்குச் சிறு அளவில் சாப்பிடுகிறவர்களில், வருடத்துக்குப் பத்தாயிரத்தில் ஒருவருக்கோ லட்சத்தில் ஒருவருக்கோதான் வருகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது எளிது. மருந்து தொடங்கும் முன்பு சொத்தைப் பல், ஆடும் பல் இருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள். தொடங்கிவிட்டால், பல் டாக்டரிடம் "நான் எலும்பு மாத்திரை சாப்பிடறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிற தாய்மார்கள் வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்வது இன்னும் அவசியம். பல்வலி வந்தால் பயந்து வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது.

நின்றுகொண்டு விழுங்குங்கள்!

அபூர்வம் அல்லாத, அடிக்கடி வரும் தொல்லை ஒன்று உண்டு. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்குவது. நெஞ்சு எரியும், விழுங்க முடியாது. 1996-லேயே அமெரிக்க டாக்டர்கள் இதை எழுதிவிட்டார்கள். சாப்பிடும் முறை தவறுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

சரியான முறை: காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய தம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். காபி, டீ, பால் கூடாது. கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்துப் போடக் கூடாது. விழுங்கியபின் அரைமணி நேரம் உட்காரலாம், நிற்கலாம், நடக்கலாம், படுக்கக் கூடாது. அந்த அரைமணி கழித்துத்தான் காபி, பலகாரம். கட்டிலில் படுத்தபடி கிடக்கும் பாட்டிக்கு, வாயில் மாத்திரையைப் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றுவது மகா தவறு! நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கு இந்த மாத்திரையே ஆகாது.

வருடாந்தர ஊசி போட்டால், முதல் தடவை ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். போடும் முன்பு சிறுநீரகச் சோதனையும் கால்சியம் சோதனையும் அவசியம். மிக அபூர்வமாகக் கண் சிவந்து வலிக்கலாம். அப்படி வந்தால் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். கண் டாக்டரைப் பாருங்கள்.

ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்

6 மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் என்ற ஊசி வேறு ரகம். இதன் ஆபத்து வேறு திசையில் வருகிறது. மாத்திரையின் மருந்து எலும்பில் வருடக்கணக்கில் தங்கும். இந்த ஊசியின் சக்தியோ 6 மாதத்தோடு சரி. "விசேஷம் முடியட்டும், அறுவடை முடியட்டும், பணம் வரட்டும்" என்று தள்ளிப்போட்டால், கட்டிப்போட்ட ஆள் அவிழ்த்துக்கொண்டு இரட்டை வேகத்தில் உடைக்கிறான்! முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கியவர்கள் உண்டு. நிறுத்துவதானால், வேறு மருந்து தொடங்கிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்கிற சிறுநீரக நோயாளிகளுக்கு இந்த ஊசி ரத்தத்தில் கால்சியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்குக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டது.

தொடை வலித்தால் என்ன செய்வது?

எலும்பு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவருக்குத் தொடையிலோ கவட்டியிலோ புதிதாக வலி வந்து, சில நாளில் போகாவிட்டால்:

எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம். கட்டுப் போட ஓட வேண்டாம். கை முறிந்தால் கட்டுப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் தொடையில் விழும் இந்த விரிசல் லேசில் கூடாது. பல பேருக்கு ஆபரேஷன் செய்து எலும்புக்குள் கம்பி செலுத்த வேண்டியிருக்கும். முழுதாக முறிவதற்கு முன்பே கண்டுபிடித்தால் மிச்சம் அதிகம்.

காலுக்குப் பாரம் கொடுக்காதீர்கள். கிரிவலம், வயல் வேலை, தண்ணீர்க்குடம் தூக்குவது எல்லாவற்றையும் டாக்டர் சொல்லும் வரை நிறுத்தி வையுங்கள்.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ வேறு எலும்பு டாக்டரிடமோ போங்கள். போனதும் சொல்ல வேண்டியது: "இத்தனை வருஷமா இந்த மாத்திரை சாப்பிடறேன். தொடை வலிக்குது." இதைச் சொல்லாவிட்டால் இடுப்புக்கும் முழங்காலுக்கும் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "ஒண்ணும் இல்லை" என்று அனுப்பிவிடக்கூடும். தொடை எலும்பு முழுவதும் படத்தில் விழ வேண்டும். ஒரு தொடைக்கு மட்டும் அல்ல, இரண்டுக்கும்! எலும்பின் வெளிப்பக்க ஓரத்தில் பறவை அலகு போல ஒரு சிறு புடைப்பு தெரிந்தால், அதுதான் அடையாளம். எக்ஸ்ரேயில் தெரியாமல் வலி மட்டும் நீடித்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டிக்கொடுக்கும்.

ஸ்டீராய்டும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

தேதியை எழுதுங்கள்

வீட்டில் எலும்பு மாத்திரை சாப்பிடும் அம்மாவோ பாட்டியோ இருந்தால், பிள்ளைகளே, இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். மருந்துச் சீட்டு வைத்திருக்கும் மஞ்சள் பையைக் கொட்டிப் பாருங்கள். மாத்திரை எந்த மாதம், எந்த வருடம் தொடங்கியது என்று கண்டுபிடியுங்கள். சீட்டின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். 5 வருடம் தாண்டியிருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போய், "இன்னும் வேணுமா டாக்டர்?" என்று கேளுங்கள்.

அப்புறம், "தொடையில வலி இருக்குதாம்மா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். வயதானவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். "வயசானா வலிக்கத்தானே செய்யும்" என்று அடக்கிக்கொண்டு அடுத்த பௌர்ணமிக்கும் நடக்கப் புறப்பட்டுவிடுவார்கள்.